அசீரிய அரசர்களை மனப்பாடம் செய்யும் மகனுக்கு

சகோதரி, உங்கள் பதினொரு வயது மகன் அசீரிய அரசர்களின் பெயர்களை ஒப்பிக்கிறான், ஆனால் வேதாகமப் பாடத்தோடு அவர்களைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பட்டியலை இரண்டு வாரம் ஓரமாக வையுங்கள். அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின்மேல் படையெடுத்த கி.மு. 701 என்ற ஒரே ஆண்டு போதும்.

முதலில் 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களைச் சத்தமாக வாசிக்கட்டும். அப்புறம் சனகெரிப் எழுதிவைத்த ஆறு பக்கக் களிமண் பட்டகத்தின் மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். யூதாவின் 46 நகரங்களைப் பிடித்தேன், யூதாவின் அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்று அதில் சனகெரிப் சொல்கிறான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் ஒரு வரிகூட இல்லை! அதை உங்கள் மகனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

எசேக்கியா சனகெரிப்புக்குக் கட்டிய கப்பத்தில் பொன், வேதாகமம், பட்டகம் இரண்டிலுமே 30 தாலந்து (தாலந்து என்பது பழங்கால எடை அளவு). வெள்ளிதான் வேதாகமத்தில் 300, பட்டகத்தில் 800. தயவுசெய்து இதை மறைக்க வேண்டாம். ஏன் இந்த வித்தியாசம் என்று அவன் உங்களோடு வாதாடட்டும். செவ்வியல் கல்வி முறையில் இந்த வயதுக்கான தர்க்கப் பயிற்சியே அதுதான். விசுவாசம் அதனால் ஆட்டம் காணாது, என் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

சனகெரிப்பின் நினிவே அரண்மனையில் கிடைத்த, யூதாவின் லாகீஸ் நகரை அவன் முற்றுகையிட்டதைக் காட்டும் சிற்பங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. படங்களை இணையத்தில் காட்டி, ஒன்றை வரையச் சொல்லுங்கள்.