டிராயரில் சேரும் ஜெர்மன் கடிதங்கள்: எதை முதலில் பிரிப்பது?

ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கோவையில் இருந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. ப்ளூ கார்டு என்ற வேலை விசா, கூட மனைவியும் நான்கு வயதுப் பெண்ணும். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும், ஆனால் வீட்டுக்கு வாராவாரம் ஜெர்மனில் கடிதம் வருகிறது, புரியாமல் எல்லாவற்றையும் டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். டிவியே இல்லாத எனக்கு டிவி கட்டணம் கேட்டு இரண்டாவது முறை வந்திருக்கிறது, ஏமாற்று வேலையோ என்று சந்தேகம். கீழ் வீட்டு அம்மா மிக்ஸி சத்தத்தைப் பற்றிச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். கதவில் யாரோ ஒரு சின்னப் பலகையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மனைவி பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்கிறார். எதில் இருந்து ஆரம்பிப்பது?"

டிராயரில் இருந்து. இன்று சாயங்காலமே.

ஜெர்மனியில் அலுவலகம், வங்கி, இன்சூரன்ஸ், வீட்டுக்காரர் எல்லாரும் முக்கியமானதைக் காகிதத்தில்தான் சொல்வார்கள். நம் ஊரில் பில் கட்டாவிட்டால் போன் வரும், ஆள் வரும், ஒரு வாரம் தவணை கேட்கலாம். இங்கே அப்படி யாரும் வர மாட்டார்கள். கடிதத்தில் ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதிக்குள் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்த கட்டம் தானாக நடக்கும், அதற்கு ஒரு தொகையும் கூடும். கோபமோ பகையோ அதில் இல்லை. அதனால்தான் பலர் கடைசி வரை விஷயம் தீவிரமாகிறது என்றே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

எல்லாக் கடிதத்தையும் பிரித்து மேஜையில் பரப்புங்கள். மொழிபெயர்க்க முயற்சி செய்ய வேண்டாம், முதலில் யார் அனுப்பியது, என்ன தேதி என்று மட்டும் பாருங்கள். 'ஃபிரிஸ்ட்' என்றாலும் 'பிஸ் சும்' என்று தொடங்கி ஒரு தேதி வந்தாலும் அது கெடு. 'மானுங்' என்றால் பணம் கட்டாததற்கு நினைவூட்டல். 'பெஷைட்' என்று தலைப்பில் முடிந்தால் அது அதிகாரபூர்வ முடிவு, அதன் கடைசிப் பக்கத்தில் எத்தனை நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் தேதியையும் தொகையையும் மட்டும் மூலக் காகிதத்தில் உங்கள் கண்ணால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குவியலில் மஞ்சள் உறை இருந்தால் அதை முதலில் எடுங்கள். நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் சில வகைக் கடிதங்களை அப்படித்தான் அனுப்பும். தபால்காரர் உறை மேலேயே தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார், அந்த நிமிடமே உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகக் கணக்கு. நீங்கள் பிரித்தீர்களா, படித்தீர்களா என்பது பேச்சே இல்லை. சாலை அபராத ஆணைக்கு ஆட்சேபம் சொல்ல இரண்டே வாரம்தான், அது அந்தத் தேதியில் இருந்து ஓடும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

டிவி கட்டணம் ஏமாற்று வேலை இல்லை. ரூண்ட்ஃபுங்க்பைட்ராக் என்ற அந்தக் கட்டணம் பொது ஒளிபரப்புக்காக வசூலிக்கப்படுவது, ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை 55.08 என்று கேட்பார்கள். டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா என்று 2013 முதல் யாரும் பார்ப்பதில்லை, வீடு இருந்தால் கட்டணம் உண்டு. நீங்கள் நகராட்சியில் முகவரி பதிந்தபோதே உங்கள் விவரம் அவர்களுக்குப் போய்விட்டது. பதில் போடாமல் இருந்தால் அவர்களே உங்களைப் பதிந்து, நீங்கள் குடியேறிய மாதத்தில் இருந்து கணக்குப் போட்டு அனுப்புவார்கள், அப்புறம் தாமதக் கட்டணம் குறைந்தது 8 யூரோ. இதை ஒரு கொள்கைப் பிரச்சினையாக்கிச் சண்டை போட்டவர்கள் நிறையப் பேர், ஜெயித்தவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை. கட்டிவிடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது வீட்டுக்கு ஒன்றுதான். உங்கள் மனைவி பெயருக்கும் தனியாக ஒரு கடிதம் வரும், வந்திருக்கலாம். அதற்கு உங்களுடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டு, ஏற்கெனவே இந்த வீட்டுக்குக் கட்டுகிறோம் என்று பதில் போட வேண்டும். அதைச் செய்யாமல் இரண்டு பேரும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கும் தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன்.

நிஜமான மோசடிக் கடிதங்களும் உண்டுதான். சந்தேகம் வந்தால் கடிதத்தில் இருக்கும் க்யூஆர் கோடையோ போன் எண்ணையோ தொடாதீர்கள், அந்த நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களாகத் தேடிப்போய் அங்கிருக்கும் எண்ணில் கேளுங்கள்.

அடுத்து, நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல். ஜெர்மன் முகவரியில் பொதுவாக ஃபிளாட் எண் கிடையாது. தபால்காரர் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார். நம் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், குழந்தைக்கு உங்கள் பெயர். ஆக ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். பெட்டியில் உங்களுடையதை மட்டும் ஒட்டியிருந்தால் மற்ற இரண்டு பேருக்கு வரும் கடிதம் 'இப்படி யாரும் இங்கே இல்லை' என்று திரும்பிவிடும், திரும்பியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மூன்று பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். (இனி வருடக்கணக்காக அலுவலகங்களில் உங்களை 'ஹெர்' (திரு) போட்டு உங்கள் அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார்கள். பழகிவிடும்.)

திரும்பிப் போகும் கடிதங்களில் விலை உயர்ந்தது வரி அடையாள எண். 11 இலக்கம், சாதாரண வெள்ளைக் காகிதம், பார்த்தால் விளம்பரம் மாதிரிகூட இருக்காது, ஆனால் ஆயுளுக்கும் அதுதான். உங்களுடையது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். அதில் வரி வகுப்பு (எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண்) 6 என்று இருந்தால் சேரவில்லை, அதிகபட்ச வரி பிடிக்கிறார்கள். கல்யாணம் ஆனவர்களுக்கு வழக்கமாக 4 போடுவார்கள். உங்களைப் போல் ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் வீட்டில் நீங்கள் 3, மனைவி 5 என்று மாற்றிக்கொண்டால் கையில் வரும் சம்பளம் மாதாமாதம் நன்றாகக் கூடும். வருமான வரி அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், எல்ஸ்டர் என்ற அரசு வரி இணையதளத்திலும் முடியும். மாற்றாமல் விட்டாலும் வருடம் முடிந்ததும் வரிக்கணக்கு தாக்கல் செய்தால் அதிகம் பிடித்தது திரும்பும், அதனால் பதற வேண்டாம்.

குழந்தைக்கும் தனி வரி எண் கடிதம் வரும். அது கிடைத்ததும் அரசு மாதாமாதம் தரும் குழந்தைப் பணத்துக்கு விண்ணப்பியுங்கள், 2026 ஜனவரி முதல் மாதம் 259 யூரோ, உங்கள் விசாவுக்கு உரிமை உண்டு. பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள், நீங்கள் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவியலில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் படிவம் ஒன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் பொதுக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் கூடுதல் காசு இல்லாமல் அதே காப்பீடு கிடைக்கும். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினால்தான். இடையிடையே மறுபடியும் கேள்வித்தாள் அனுப்புவார்கள், பதில் இல்லாவிட்டால் நிறுத்திவிடவும் வாய்ப்புண்டு.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம்.

கதவில் மாட்டியிருக்கும் பலகையில் 'கேர்வோஹெ' என்று எழுதியிருக்கும். அது உங்கள் ஊருக்கே உரிய சமாச்சாரம், ஹாம்பர்க்கிலோ பெர்லினிலோ குடியிருப்பவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைக்கும் முறை உங்களுடையது என்று அர்த்தம். சின்ன முறை என்றால் உங்கள் மாடிப் படிகள், பெரிய முறை என்றால் வாசல் நடைபாதை, நிலவறை, குப்பைத் தொட்டி வைக்கும் இடம் எல்லாம் சேரும். வாடகை ஒப்பந்தத்திலோ வீட்டு விதிகளிலோ இருக்கும், எடுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் காலையில் பனி அள்ளுவதையும் சேர்த்திருப்பார்கள். வாரத்தின் முடிவில் செய்துவிட்டு, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் நீங்கள் மாட்ட வேண்டும். அது உங்கள் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டிடம் முழுக்க உங்களைப் பற்றித்தான் பேச்சு.

மிக்ஸிக்கு வருவோம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி, ஞாயிறும் விடுமுறை நாளும் முழுக்க அமைதி, சில கட்டிடங்களில் மதியம் 1 முதல் 3 வரையும். காலை ஆறரைக்குச் சட்னி அரைப்பது விதிப்படி தப்பில்லை, ஆனால் பழைய கட்டிடங்களில் மரத்தரை, மிக்ஸியின் அதிர்வு கீழ் வீட்டுக் கூரையில் போய் இறங்கும். தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி அடியில் போடுங்கள், பாதி சத்தம் அதில் போய்விடும். கிரைண்டரைச் சனிக்கிழமை பகலில் ஓட்டி வாரத்துக்கும் மாவு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் மாவு புளிக்காவிட்டால் மின் அடுப்புக்குள் (ஓவன்) விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் போதும். ஊரில் இருந்து கொண்டுவந்த மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே அப்படியே ஓடும், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

சீட்டு எழுதியதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே நேரில் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடச் சீட்டு எழுதுவதுதான் மரியாதை என்று நினைப்பவர்கள் உண்டு. நீங்கள் நேரில் போங்கள், மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. எந்த நேரம் தொந்தரவு என்று கேளுங்கள், விரிப்பு போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். உங்கள் பார்சலை வாங்கி வைக்கப்போவதும், நாளைக்குச் சாவியை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்டால் உட்கார இடம் கொடுக்கப்போவதும் அந்த அம்மாதான்.

சாவி என்றதும் ஞாபகம் வருகிறது. பெரும்பாலான ஜெர்மன் கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளியே கைப்பிடி திரும்பாது. மாற்றுச் சாவியை நம்பகமான ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள். அதோடு ஹாஃப்ட்ஃப்லிஹ்ட் என்ற பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) எடுங்கள், குடும்பத்துக்கே வருடத்துக்கு நூறு யூரோவுக்குள் நல்லது கிடைக்கும். கட்டிடத்துக்கு ஒரே பூட்டு அமைப்பு இருக்கிற இடத்தில் சாவியைத் தொலைத்தால் எல்லாப் பூட்டையும் மாற்றச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். எடுக்கும்போது சாவி இழப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜன்னலைத் தினமும் இரண்டு மூன்று முறை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று விடுங்கள், குளிரிலும். சாம்பார் கொதிக்கும் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியும் சேர்ந்தால் ஜனவரிக்குள் சுவரில் பூஞ்சை வந்துவிடும், காற்று விடாதது உங்கள் தப்பு என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார்.

மனைவியைப் பற்றி. ஊருக்குப் போகலாமா என்று அவர் கேட்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் காலையில் ஒரு உலகத்துக்குப் போகிறீர்கள், அவருக்கு இருப்பது நான்கு சுவரும் புரியாத கடிதங்களும்தான். உங்கள் விசாவில் வந்த துணைக்கு முதல் நாளில் இருந்தே எந்த வேலைக்கும் போக அனுமதி உண்டு, இது பலருக்குத் தெரியவில்லை. அவருக்கு மொழி வகுப்பு முக்கியம், ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்ற பொதுக் கல்வி நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் நடக்கும். இணையவழி வகுப்பு வேண்டாம், பஸ் ஏறிப் போகிற வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். குழந்தைக்கு மழலையர் பள்ளி இடம் சட்டப்படி உரிமைதான், நிஜத்தில் காத்திருப்பு நீளம், இன்றே பல இடங்களில் பதியுங்கள். 1980களில் வந்த ஈழத்தமிழர்களின் கடைகளும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பெரிய ஊர்களில் இருக்கின்றன. முருங்கைக்காய் வாங்கப் போகிற இடத்தில்தான் எந்த டாக்டர் நல்லவர், எந்தப் பள்ளியில் இடம் காலி என்பதெல்லாம் தெரியவரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கெடு நெருங்குவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளில் இருந்து ஆறு மாதம்தான் செல்லும், அதுவும் மொழிபெயர்ப்போ சர்வதேச உரிமமோ கையில் இருந்தால். அதற்கு மேல் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம், அபராதத்தோடு போகாது, விசாவுக்கே இடைஞ்சலாகலாம். மாற்றிக்கொள்ள எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். கட்டாய வகுப்பு எண்ணிக்கை உங்களுக்குக் கிடையாது, எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம். ஆனால் விண்ணப்பம் நகர அலுவலகத்தில் வாரக்கணக்கில் தூங்கும். கண் பரிசோதனையும் ஒரு நாள் முதலுதவி வகுப்பும் முடித்துவிட்டு இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.