ஜிமேட்டில் இல்லாத இலக்கணத்துக்கு 25,000 ரூபாயா?

அம்மா, எம்பிஏ படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் நுழைவுத் தேர்வுக்கு மகன் தயாராகிறான், மாதிரித் தேர்வுகளில் வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதியில் மதிப்பெண் ஏறவே மாட்டேன் என்கிறது, வாக்கியத் திருத்தம் எனும் சென்டன்ஸ் கரெக்‌ஷனுக்கு மட்டும் தனி வகுப்பு 25,000 ரூபாய், 10,000 முன்பணம் கட்டிவிட்டோம், மீதியையும் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படுவது புரிகிறது. இரண்டு வருஷமாக ஐ.டி. வேலையில் இருக்கும் பையன் இரவு பதினொரு மணிக்கு வந்து புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால், பார்க்கிற அம்மாவுக்கு மனசு கேட்காதுதான்.

ஆனால் மீதியைக் கட்ட வேண்டாம். ஜிமேட் தேர்வில் அந்தப் பகுதியே இப்போது கிடையாது. 2023 நவம்பரில் தேர்வின் புதிய வடிவம் வந்தது, 2024 ஜனவரியோடு பழையது முடிந்துபோனது. பழைய வடிவத்தில் வெர்பல் பகுதியின் 36 கேள்விகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வாக்கியத் திருத்தம்தான். எழுவாயும் வினையும் பொருந்துகிறதா, அடைமொழி சரியான சொல்லோடு ஒட்டி நிற்கிறதா, அடுக்கிச் சொல்லும்போது எல்லாம் ஒரே வடிவில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைக்கு வெர்பலில் 23 கேள்விகள், 45 நிமிடம். பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதும் ஒரு வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதும் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மகன் எழுதும் மாதிரித் தேர்வில் இன்னும் வாக்கியத் திருத்தம் வருகிறது என்றால் அவர்கள் பழைய தாளை வைத்துக் காசு பார்க்கிறார்கள். தேர்வு நடத்துபவர்களே எம்பிஏ டாட் காம் தளத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். ஒன்றைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, வகுப்பு விஷயம் இதோடு போகட்டும். கடிதத்தின் கடைசிப் பத்திதான் எனக்கு உறுத்துகிறது. நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் அமெரிக்காவில் எம்பிஏ படித்தால்தான் குடும்பத்துக்குப் பெயர் என்கிறார், அதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க உங்கள் வீட்டுக்காரரும் சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் தட்டிக்கொடுத்துப் பேசப் போவதில்லை.

ஹார்வர்டில் எம்பிஏவுக்கு 2024-25இல் கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 76,410 டாலர். கிட்டத்தட்ட 65 லட்சம் ரூபாய். படிப்பு இரண்டு வருஷம். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் தனி. அவ்வளவு பெரிய கல்லூரி வேண்டாம், நடுத்தரமான ஒன்று போதும் என்றால் கட்டணம் குறையும், முடித்த பிறகு நல்ல வேலை கிடைக்கும் வாய்ப்பும் அதோடு குறையும். படித்து முடித்ததும் அங்கே வேலை பார்க்க ஓபிடி அனுமதி 12 மாதம்தான். படிப்பு ஸ்டெம் என்ற அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்தால் மேலும் 24 மாதம் கிடைக்கும், ஆனால் எல்லா எம்பிஏவும் அதில் வராது. அப்புறம் அங்கே தொடர்ந்து வேலை பார்க்க ஹெச்-1பி விசா வேண்டும். வருஷத்துக்கு 65,000 விசா, அங்கே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பம் அதைவிட அதிகமாக வருவதால் குலுக்கல் முறை. குலுக்கலில் பெயர் விழவில்லை என்றால் பையன் ஊருக்குத் திரும்புவான், மாதத் தவணை டாலர் சம்பளத்தை நம்பிப் போட்டதாக இருக்கும். கொழுந்தனார் அமெரிக்கா போன காலம் வேறு. அவர் யோசனை சொல்லலாம், தவணை கட்டப்போவது நீங்கள்.

வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

இனி பையனைப் பற்றி. "ஆபீசில் எல்லாருடைய மெயிலையும் இவன்தான் திருத்திக் கொடுக்கிறான், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குறிப்பு எழுதித் தருகிறான், அதிலேயே நேரத்தை விடுகிறான்" என்று குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். சென்டன்ஸ் கரெக்‌ஷன் புத்தகத்தை மட்டும் ஆசையாகப் போடுகிறான், கணக்கும் டேட்டாவும் வந்தால் மூடிவைக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகம் படிக்க ஆசைப்படும் பையனாக அவன் எனக்குத் தெரியவில்லை. தெளிவாக எழுதுவதில் ஆசை உள்ளவன். அதற்கென்றே சம்பளம் தரும் வேலை ஒன்று அவன் ஆபீஸிலேயே பக்கத்துத் தளத்தில்கூட இருக்கலாம்.

டெக்னிக்கல் ரைட்டர் என்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருளைச் சொந்தமாகத் தயாரித்து விற்கும் நிறுவனங்களில் இதற்கென்று தனிக் குழு இருக்கும். மென்பொருளுக்கான உதவிப் பக்கங்கள், நிறுவும் வழிமுறை, புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு, ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் ஏபிஐ பற்றி மற்ற நிறுவனத்தின் புரோகிராமர்கள் படிக்கும் விளக்கம் எல்லாம் இவர்கள் எழுதுவதுதான். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் ஏபிஐ என்றால் தடுமாறுவார்கள், புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டு பத்தி எழுதச் சொன்னால் நழுவுவார்கள். இரண்டும் தெரிந்தவனுக்கு அங்கே மதிப்பு உண்டு. எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட், இரண்டும் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும். கையேடுகளைச் சிறு துண்டுகளாக எழுதி அடுக்கும் டிட்டா என்ற எக்ஸ்எம்எல் முறையை மட்டும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கலாம்.

மென்பொருளோடு இது முடிவதில்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று ஒரு எழுத்து விதித்தொகுப்பு இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்கும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய விமானத்துறை 1980களில் உருவாக்கியது. செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது, விளக்க வாக்கியத்தில் 25. அனுமதித்த பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900தான். 'டெஸ்ட்' என்பதைப் பெயர்ச்சொல்லாக மட்டுமே எழுதலாம், வினையாக எழுதக் கூடாது. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான், விதியைக் கடைப்பிடிக்கச் சொல்ல 'ஒபே' என்றுதான் போட வேண்டும். எச்சரிக்கையை அந்த வேலையைச் சொல்வதற்கு முன்னால் எழுத வேண்டும், பின்னால் அல்ல. இதன் பிரதியைக் கேட்டால் இலவசமாகவே அனுப்புகிறார்கள். ஜிமேட் புத்தகத்தில் சரியான சொல்லோடு ஒட்டாமல் தொங்கும் அடைமொழியைப் பிடித்து ரசிக்கிற பையனிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் புரோகிராமரைவிடக் குறைவாக இருக்கலாம். சொந்தக்காரர்களிடம் வேலையின் பெயரைச் சொன்னால் "அப்படீன்னா?" என்பார்கள். வாக்கியப் பிழையை இன்று ஏஐ திருத்திவிடும், அதனால் இலக்கணம் மட்டும் தெரிந்தவரை இனி யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். வழிமுறையைத் தானே செய்து பார்த்து, மூன்றாம் படியில் ஒரு பட்டன் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, எஞ்சினியரிடம் போய்க் கேட்டு வாங்குகிறவருக்குத்தான் இடம். மெயில் திருத்துவதோடு நின்றுவிடுவானா, இதுவும் செய்வானா என்பதை அவன்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு வேலையை விட வேண்டாம், எந்தச் சான்றிதழுக்கும் காசு கட்ட வேண்டாம். கூகுள் நிறுவனம் டெக்னிக்கல் ரைட்டிங் பாடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, இரண்டு வார இறுதி போதும். அப்புறம் யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஏதாவது ஒன்றின் விளக்கப் பக்கங்களில் தெளிவில்லாத ஒன்றைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டால் அவன் பெயரோடு அங்கேயே இருக்கும், நேர்காணலில் காட்டலாம். அப்படி ஆறு மாதத்தில் நான்கைந்து துண்டுகள் சேர்ந்தால், இப்போதிருக்கும் ஆபீஸிலேயே குழு மாற்றம் கேட்கலாம். இதெல்லாம் செய்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால், எம்பிஏ எங்கும் ஓடிவிடாது. 28 வயதில் கூடுதல் அனுபவத்தோடு போகிறவர்களை அந்தக் கல்லூரிகள் விரும்பியே எடுக்கின்றன.

இன்னொன்று, முன்பணம். ரசீதையும் வாக்கியத் திருத்த வகுப்பு என்று போட்டிருக்கும் விளம்பரத் தாளையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தேர்வில் இல்லாத பாடத்துக்கு வாங்கிய பணம், திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.