வீட்டை விற்றுவிட்டு ஈக்வடார் ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 42, மனைவிக்கு 38. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கோவையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. கையில் வரும் சம்பளம் மாதம் ரூ.1.35 லட்சம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் சி.பி.எஸ்.இ. நானும் மனைவியும் சில ஆண்டுகளாக ஸ்பானிஷ் படித்து வருகிறோம். ஈக்வடார் நாட்டின் குவென்கா நகரில் எங்கள் சபையைச் சேர்ந்த நண்பர் குடும்பம் ஊழியம் செய்கிறது. அங்குள்ள ஸ்பானிஷ் சபையோடு சேர்ந்து மூன்று ஆண்டுகள் தன்னார்வ ஊழியம் செய்ய வேண்டும் என்ற பாரம் எங்கள் மனதிலும் உண்டு. அங்கிருந்து விசாவுக்குக் கடிதம் கிடைக்கும். சம்பளமோ படியோ கிடையாது. இங்கே சில நண்பர்கள் சேர்ந்து மாதம் ரூ.25,000 அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேருக்கு மாதம் 1,400 டாலர் ஆகும் என்பது அங்குள்ள நண்பரின் கணக்கு. எங்களிடம் வைப்புநிதி ரூ.14 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் ரூ.9 லட்சம், பி.எஃப். ரூ.16 லட்சம், பி.பி.எஃப். ரூ.7 லட்சம், 40 பவுன் நகை, ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி, ஓர் எல்.ஐ.சி. பாலிசி இருக்கின்றன. வீடு ரூ.65 லட்சம் போகும். கடன் பாக்கி ரூ.11 லட்சம், இ.எம்.ஐ. ரூ.16,500. வீட்டை விற்றுக் கடனை அடைத்து, மீதியை வைப்புநிதியில் போட்டு, வட்டியில் அங்கே வாழலாம் என்று நினைக்கிறோம். கிளம்பப் பத்து மாதம் இருக்கிறது. இந்தத் திட்டம் சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: போகலாமா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அதை நீங்களும் உங்கள் குடும்பமும் ஜெபத்தில் தீர்மானித்திருக்கிறீர்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. கேட்டது வீட்டைப் பற்றி. விற்காதீர்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் போக ரூ.54 லட்சம். 6.5 சதவீத வட்டியில் வருடம் ரூ.3.51 லட்சம், மாதத்துக்கு ரூ.29,250. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 325 டாலர். குவென்காவில் ஒரு சுமாரான வீட்டு வாடகைக்கு அது சரியாகப் போகும். சோற்றுக்கு? மீதி ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு அசல் தொகையில்தான் கைவைப்பீர்கள். மூன்றாண்டு முடிந்து திரும்பும்போது வீடும் இருக்காது, வீடு விற்ற பணத்தில் பெரும்பகுதியும் கரைந்திருக்கும். உங்களுக்கு 45 வயது, மகள் உயர்நிலைப் பள்ளியில். அந்த வயதில் கோவையில் மறுபடி ஒரு வீடு வாங்கப் புறப்படுவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த ரூ.29,250-உம் முழுதாகக் கைக்கு வராது. நீங்கள் குடியிருப்பு விசாவில் போவதால், வங்கிக் கணக்குகளை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். என்.ஆர்.ஓ. வைப்புநிதி வட்டியில் வங்கி 31.2 சதவீதம் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்துவிடும். உங்கள் மொத்த வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் பணம் வருவது மறு வருடம். வாடகை கேட்டு நிற்கும் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்ல முடியாது.

ரூபாய்-டாலர் விஷயத்தையும் நீங்கள் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஈக்வடார் தன் சொந்த நாணயமான சுக்ரேயைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறியது. ஆகவே குவென்கா சந்தையில் கிழங்கு வாங்குவதும் டாலரில்தான். 2015-இல் டாலர் 64 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தொட்டுவிட்டது. உங்கள் கையிருப்பு முழுவதும் ரூபாய், செலவு முழுவதும் டாலர் என்பதால், ஆண்டுக்கு மூன்று நான்கு சதவீதம் செலவு கூடும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அங்கேயும் விலை நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் விற்பனை வரியை 12-லிருந்து 15 சதவீதமாக உயர்த்தினார்கள்.

நண்பர் சொன்ன 1,400 டாலரை நான் நம்புகிறேன். சிக்கனமான குடும்பத்துக்கு அது ஒத்துவரும் தொகை. அரசு மானியத்தால் 15 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கே வந்து சேர்ந்தாலும் மூன்று டாலர் அளவில்தான் ஆகிறது. சூப், சோறு, இறைச்சி, பழச்சாறு சேர்ந்த மதியச் சாப்பாடு சிறிய கடைகளில் அதே விலைக்குக் கிடைக்கும். ஆனால் மாதச் செலவுக்கு வெளியே நிற்பவற்றை நண்பர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவர் அதையெல்லாம் எப்போதோ கடந்துவிட்டார். நால்வருக்கும் போகவர விமானக் கட்டணம் ஏறத்தாழ ரூ.6 லட்சம். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரை), ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, விசாக் கட்டணம், வீட்டு முன்பணம், படுக்கை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்த்து ரூ.3.5 லட்சம். அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாகக் கண்ணில் படும். விமானம் மாறுவதற்கே நான்கு பேருக்கும் அமெரிக்க விசா வேண்டும், விண்ணப்பக் கட்டணமே ஆளுக்கு 185 டாலர். மலிவு அங்கேயே போய்விடும்.

கோவையிலும் செலவு நிற்காது. வீட்டை வாடகைக்கு விட்டால் ரூ.18,000 வரும் என்று கொள்வோம். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். பல வாடகைதாரர்களுக்கு இது தெரியாது, ஒப்பந்தம் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். கைக்கு வருவது ரூ.12,400. இ.எம்.ஐ.க்கு மாதம் ரூ.4,100 துண்டு விழும். குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். இதையும் காப்பீட்டு பிரீமியங்களையும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வையுங்கள். கடைசியாக ஒரு தொகை: திரும்பி வந்து அடுத்த வேலை கிடைக்கும்வரை சாப்பிட ரூ.4 லட்சம். இதைத் தனி வைப்புநிதியில் போட்டுவிட்டு, அது இருப்பதையே மறந்துவிட வேண்டும்.

இனி கூட்டிப் பாருங்கள். ஓராண்டுக்கு: அங்கே வாழ ரூ.15.1 லட்சம், பயணம் 6, ஆரம்பச் செலவு 3.5, இங்கத்திய செலவு 1.5, திரும்பும் நிதி 4. மொத்தம் ரூ.30.1 லட்சம். இரண்டு ஆண்டுக்கு இதே கணக்கு, இரண்டாம் ஆண்டில் கூடும் செலவையும் சேர்த்து, ரூ.47.2 லட்சத்தில் நிற்கும்.

வரவுப் பக்கம்: வைப்புநிதியும் மியூச்சுவல் ஃபண்டும் ரூ.23 லட்சம். பத்து மாதத்தில் மாதம் 50,000 மிச்சம் பிடித்தால் 5 லட்சம். நண்பர்கள் சொன்ன தொகையில் பாதியை மட்டுமே நான் சேர்க்கிறேன். அவர்கள் மனம் நல்லது, ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒருவருக்கு மகள் கல்யாணம் வரும், இன்னொருவருக்கு வேலை போகும். அப்படிப் பார்த்தால் ஓராண்டுக்குக் கையில் ரூ.29.5 லட்சம், இரண்டாண்டுக்கு ரூ.31 லட்சம்.

சம்பளம் இல்லாமல் போனால் உங்களிடம் இருப்பது ஓராண்டுக்கான பணம். அதிலும் அரை லட்சத்துக்குச் சற்று மேல் இடிக்கிறது. இரண்டாண்டு வேண்டுமென்றால் ரூ.16 லட்சம் குறைகிறது. இப்போதைய சம்பளத்தில் பாதியை இரண்டாண்டு சம்பாதித்தால் அந்தக் குறை அடையும். மூன்றாண்டுக்கு இந்தக் கணக்கில் வழியில்லை.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் டோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்களே, அவர்களுக்குப் பின்னால் திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கை இருந்தது. உங்களுக்குப் பின்னால் அப்படி ஒரு சங்கம் இல்லை. கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே ஊழியம் செய்த பவுலின் வழிதான் உங்களுக்குப் பொருந்தும்.

அதற்கு உங்கள் தொழில் வாகானது. ஈக்வடார் நேரம் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். நியூயார்க்கின் குளிர்கால நேரமும் அதுவே. உங்கள் நிறுவனத்துக்கு அமெரிக்க வாடிக்கையாளர்கள் இருந்தால், அவர்கள் பகலில் விழித்திருக்கும் ஒருவர் நிறுவனத்துக்குக் கிடைக்கிறார். காலையில் நான்கு மணி நேர வேலை, மதியத்துக்கு மேல் ஊழியம் என்று பேசிப் பாருங்கள். ராஜினாமாவைப் பற்றி வாயே திறக்காமல், சம்பளமில்லா விடுப்போ பகுதிநேர ஒப்பந்தமோ கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். ஆனால் ஊழிய விசாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யலாமா என்பதை ஈக்வடார் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சபை நண்பர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது போதாது. வரியும் இரு நாட்டுச் சட்டத்தையும் தொடும் விஷயம். வெளிநாட்டு வருமானம் பார்க்கும் ஆடிட்டரிடம் செலவழிக்கும் பணம் வீண் அல்ல.

இரண்டாண்டு என்று நான் சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை, உங்கள் மகளும்தான். ஆறாம் வகுப்பு முடித்துக் கிளம்பினால் ஏழும் எட்டும் அங்கே. திரும்பி ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாம். மூன்றாண்டு என்றால் நேராகப் பத்தாம் வகுப்பு; சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகச் சேர்ப்பது லேசில் நடக்காது. மலைப்பகுதியான குவென்காவில் பள்ளி செப்டம்பரில் திறக்கும். மே மாதம் போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் ஸ்பானிஷ் காதில் விழ மூன்று மாதம் கிடைக்கும். அங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. இரண்டாண்டின் மதிப்பெண் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் அங்கேயே அப்போஸ்டில் செய்து கொண்டுவாருங்கள். இங்கிருந்து அதை வாங்குவது பெரும்பாடு.

மருத்துவக் காப்பீட்டை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு மட்டுமே இருக்கிறது என்று ஊகிக்கிறேன். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். இந்த மாதமே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுங்கள். இந்திய பாலிசி பெரும்பாலும் இந்தியச் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். பிறகு ஏன் வெளிநாட்டில் இருக்கும்போது பிரீமியம் கட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டு வரை இருக்கலாம். இப்போது தொடங்கினால் திரும்பி வரும்போது அது முடியும் தறுவாயில் இருக்கும். 44 வயதில் சர்க்கரையோடு வந்து புதிதாக விண்ணப்பிப்பதை நினைத்துப் பாருங்கள். ஈக்வடாரில் குடியிருப்பு அடையாள அட்டை கிடைத்ததும் அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் தன்விருப்பமாகச் சேரலாம். குறைந்தபட்ச ஊதியத்தில் 17.6 சதவீதம், மாதம் 80 டாலருக்குச் சற்று மேல். மனைவிக்குக் கொஞ்சம் கூடுதல், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உங்கள் கணக்கிலேயே வருவார்கள். சேர்ந்த மறுநாளே எல்லாச் சிகிச்சையும் கிடைத்துவிடாது என்பதால் முதல் சில மாதங்களுக்குத் தனியார் காப்பீடு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் தரும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் ரூ.50,000-க்கு மேல் அன்பளிப்பு வந்தால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்படும். நீங்கள் வெளிநாட்டில் இருந்தாலும் இது மாறாது. வரி கட்ட வேண்டி வராமலும் போகலாம். ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். சபை அறக்கட்டளை வழியாக அனுப்பினால் வரி இல்லை என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அறக்கட்டளை தன் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் அதன் வரிவிலக்குக்கே ஆபத்து வரும்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். வேலையை விட்டாலும் அதற்கு வட்டி சேரும். அந்தக் காலத்து வட்டிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். பி.பி.எஃப். கணக்கையும் முதிர்வு வரை தொடரலாம், வருடம் ரூ.500 கட்டினால் உயிரோடு இருக்கும். முதிர்ந்த பிறகு வெளிநாட்டில் இருந்தபடி நீட்டிக்க முடியாது. நகை லாக்கரில் இருக்கட்டும். டேர்ம் பாலிசி நிறுவனத்துக்கு நாடு மாறுவதை எழுதித் தெரிவியுங்கள். மியூச்சுவல் ஃபண்டில் உள்ள ரூ.9 லட்சம் இரண்டாண்டில் சாப்பாட்டுக்குப் போகும் பணம். அது பங்குச்சந்தையில் இருக்கக் கூடாது. கிளம்புவதற்குள் இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து விற்றால் நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை வரியில்லை.

ஏதோ காரணத்தால் வீட்டை விற்றே தீருவது என்றால், இங்கே வசிக்கும்போதே விற்றுவிடுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 12.5 சதவீத வரியா, விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்நாட்டில் வசிப்பவருக்கு மட்டுமே உண்டு. வெளிநாட்டிலிருந்து விற்றால் வாங்குபவர் பிடிக்க வேண்டிய டி.டி.எஸ்.-உம் அதிகம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மலிவானதுதான், ஆனால் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். ஈக்வடாரிலிருந்து இந்தியா வருவோரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நால்வரின் மஞ்சள் அட்டையையும் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

இன்னொன்று, பணக் கணக்குக்குச் சற்று வெளியே. 2024 ஜனவரியில் ஈக்வடார் அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. அதே ஆண்டு வறட்சியால் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த வாரங்களும் உண்டு. மின்சாரமும் இணையமும் இல்லாமல் உங்கள் காலை நேர வேலை நடக்காது. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள், அந்த ரூ.4 லட்சத்தை என்றைக்காவது முன்கூட்டியே திரும்ப வேண்டி வந்தாலும் எடுக்கும்படி, உங்கள் இருவர் பெயரிலும் கூட்டாக, முதிர்வுக்கு முன் முறிக்கக்கூடிய வைப்புநிதியில் வையுங்கள்.

நிறுவனத்திடமிருந்து பகுதிநேர ஒப்பந்தம் எழுத்தில் கிடைத்தால் இரண்டாண்டு. கிடைக்காவிட்டால் ஓராண்டு. எதுவானாலும் விசா கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.