தூசி ஒவ்வாமைக்கு இம்யூனோதெரபி செய்யலாமா?

மகனுக்குத் தினமும் காலையில் அடுக்குத் தும்மல், மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வருகிறது, இம்யூனோதெரபி பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்குச் செய்தோம், பலன் தந்தது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் மூன்று ஆண்டுகளாவது விடாமல் தொடர முடியுமென்றால் மட்டும் தொடங்குங்கள்.

ஆண்டிஹிஸ்டமின் மாத்திரையும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் தொல்லையை அடக்குகின்றன, அவ்வளவுதான். இம்யூனோதெரபி என்னும் இந்தச் சிகிச்சையோ உடலையே பழக்குகிறது. எதைக் கண்டு உடல் சீறுகிறதோ, அதையே அளந்து திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். 1911இல் லண்டனில் மருத்துவர் லெனர்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு வெளியிட்ட முடிவுகளிலிருந்து வளர்ந்த முறை இது.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பெரும்பாலும் மெத்தை, தலையணையில் வாழும் தூசிப்பூச்சிகள்தான் காரணம். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை முடிந்ததும், எந்தப் பூச்சி என்று கட்டாயம் கேளுங்கள். நாக்கின் கீழ் வைக்கும் இம்யூனோதெரபி மாத்திரைகள் டெர்மட்டோஃபகாய்டிஸ் வகைத் தூசிப்பூச்சிகளுக்கானவை. இங்கே பரவலாக உள்ள புளோமியா டிராபிகாலிஸ் வேறு இனம். உங்கள் மகனுக்கு அதுவே முக்கியக் காரணமென்றால், தரப்போகும் மருந்து அதற்குப் பொருந்துமா என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

இந்தச் சிகிச்சையை ஊசியாக எடுத்தால் முதலில் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை. அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால், போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். நாங்கள் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வேளை மருத்துவர் முன்னிலையில், பிறகு வீட்டிலேயே தினமும் நாக்கின் கீழ். தொடக்கத்தில் வாய் அரித்தது. சில வாரங்களில் நின்றுவிட்டது. பள்ளி விடுமுறையில் திருச்சி போனபோதும் குளிர்ப்பையில் மருந்து கூடவே வந்தது. "இத்தனை மாதமாகியும் பிள்ளை தும்முகிறாளே" என்று மாமியார் வருந்தினார். அந்தக் கட்டத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். எங்களுக்குத் தெளிவான மாற்றம் இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. இரவில் வாயால் மூச்சுவிடாமல் அவள் தூங்குவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதி!

மகனுக்கு ஆஸ்துமா இருந்தால் அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். கட்டுக்கடங்காத ஆஸ்துமாவோடு இதைத் தொடங்கக் கூடாது. படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதையும் நிறுத்தாதீர்கள்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஆலோசனைக் கட்டணத்தில் மானியம் கிடைக்கும். மருந்துக்கும் உண்டா என்பதை முதல் நாளே தனியாகக் கேட்டு, மூன்று ஆண்டுச் செலவையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.