ஒரே மாநகராட்சிதானே, அடையாறுக்கு ஒரு ரோடு, மாதவரத்துக்கு ஒரு ரோடா?

கேள்வி: மாதவரம் மண்டலத்தில் வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அடையாறில் இருக்கும் அக்கா கட்டும் அதே சொத்து வரியைத்தான் நானும் கட்டுகிறேன். அவர்கள் தெருவில் வடிகால், ரோடு எல்லாம் இருக்கிறது, இங்கே ஒன்றும் இல்லை. நிதி ஒதுக்குவதில் பாரபட்சமா?

பதில்:

முதலில் ஒரு திருத்தம். நீங்களும் அக்காவும் கட்டுவது ஒரே வரி இல்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றியபோதே பழைய சென்னைக்கு ஒரு அட்டவணை, 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்த உங்கள் மாதவரம் போன்ற பகுதிகளுக்கு வேறு அட்டவணை. 600 சதுர அடி வரை அங்கே 50 சதவீத உயர்வு, இங்கே 25. 601 முதல் 1,200 வரை அங்கே 75, இங்கே 50. 1,800 வரை அங்கே 100, இங்கே 75. அதற்கு மேல் அங்கே 150, இங்கே 100. உங்கள் வீடு 900 சதுர அடி என்று வைத்துக்கொள்கிறேன். பழைய அரையாண்டு வரி இரண்டு பேருக்கும் 1,000 ரூபாயாகவே இருந்திருந்தாலும் அந்த உயர்வோடு அக்காவுக்கு 1,750, உங்களுக்கு 1,500. அந்த 1,000-மும் ஒன்றாக இருந்திருக்காது, உங்கள் பகுதிக் கணக்கு பழைய உள்ளாட்சிக் காலத்திலிருந்து வந்தது. ஆகவே "அதே வரி கட்டுகிறேன்" என்று மண்டல அலுவலகத்தில் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். ரசீதைக் காட்டச் சொல்லி அங்கேயே முடித்துவிடுவார்கள்.

"அப்போ குறைவாகக் கட்டுகிறவனுக்குக் குறைவான ரோடா?" என்று கீழே யாராவது கேட்பார்கள். அதைச் சொல்லவில்லை. ஒரு தெருவின் வரி அந்தத் தெருவுக்கே திரும்பி வருவதில்லை, வரவும் கூடாது. வந்தால் பெரிய பங்களாக்கள் இருக்கும் தெருவில் மட்டும்தான் விளக்கு எரியும்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏரி ஒன்றுதான், மடைகள் பல, ஒவ்வொரு மடைக்கும் தனி ஆயக்கட்டு, அதாவது அந்த மடை பாயும் நிலம். மாநகராட்சிப் பணமும் அப்படித்தான். உங்கள் தெரு ரோடு ஒரு மடையில், வடிகால் இன்னொரு மடையில், கழிவுநீர் வேறு ஏரியிலேயே. எந்த மடை என்று தெரியாமல் கவுன்சிலரிடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் அவரால் தலையாட்டத்தான் முடியும்.

2011-க்கு முன் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு. பிறகு 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு, 15 மண்டலம். இதில் பழைய பகுதிக்கு 107 வார்டு, புதிய பகுதிக்கு 93. வகுத்துப் பாருங்கள்: பழைய பகுதியில் ஒரு வார்டு சராசரியாக 1.6 சதுர கிலோமீட்டர், புதிய பகுதியில் 2.7. வார்டு மேம்பாட்டு நிதியோ எல்லாக் கவுன்சிலருக்கும் ஒரே தொகை. 2025-26 பட்ஜெட்டில் அது 50 லட்சத்திலிருந்து 60 லட்சமானது. பாதி வேலை முடிந்த சின்ன வார்டுக்கும் 60, தொடங்கவே இல்லாத பெரிய வார்டுக்கும் 60. பாரபட்சம் என்று நீங்கள் சொல்வது பல இடங்களில் இந்தச் சமப் பங்கீடுதான். தலைக்கணக்குப் பார்த்தால் கதை மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், 2011 கணக்கெடுப்புப்படி பழைய பகுதி வார்டுகளில்தான் ஆள் அதிகம். ஆனால் ரோடும் வடிகாலும் மீட்டர் கணக்கில் போடுவது, தலைக்கணக்கில் இல்லை. அந்தத் தலைக்கணக்கும் 2011-லேயே நிற்கிறது. அதற்குப் பிறகு புழல், சூரப்பட்டு, கதிர்வேடு பக்கம் எழும்பிய வீடுகள் எந்தப் பங்கீட்டுக் கணக்கிலும் இல்லை.

எம்.எல்.ஏ. நிதியும் இதே மாதிரிதான். தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. 2021 தேர்தலில் சோழிங்கநல்லூரில் 6.5 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், துறைமுகம் தொகுதியில் 2 லட்சத்துக்கும் கீழே. இரண்டுக்கும் அதே 3 கோடி.

இனி வடிகால். இதில்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. சேர்ந்த பகுதிகளுக்குப் பெரிய வடிகால் பணம் வார்டு பார்த்து வரவில்லை, மண்டலம் பார்த்தும் வரவில்லை. ஆற்றுப் படுகை பார்த்து வந்தது. அடையாறு, கூவம் படுகைகள் உலக வங்கிக் கடனில் முதலில் முடிந்தன. அம்பத்தூர், வளசரவாக்கம், ஆலந்தூர் பக்கம் அதில் வந்தவை. தெற்கே கோவளம் படுகை ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடனில். உங்கள் மாதவரமும் மணலியும் திருவொற்றியூரும் கொசஸ்தலையாறு படுகை. அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்ததே 2021 டிசம்பரில்தான். உங்களைப் போலவே 2011-ல் சேர்ந்த வளசரவாக்கம் உங்களுக்குப் பல வருடம் முந்திக்கொண்டது பணக்காரப் பகுதி என்பதால் இல்லை, அதன் மழைநீர் வேறு ஆற்றுக்குப் போகிறது என்பதால். அக்கா வீட்டுத் தெருவுக்கு இந்த எந்தக் கடனும் வேண்டியிருக்கவில்லை. அடையாறில் முன்பே இருந்த வடிகாலைச் சரிசெய்தால் போதும்.

வடசென்னையை நெடுங்காலம் கிடப்பில் போட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. கொடுங்கையூர் குப்பை மேட்டைப் பார்த்தவர் யாரும் மறுக்க முடியாது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2023-ல் 1,000 கோடி என்று அறிவித்து 2024 மார்ச்சில் 4,181 கோடிக்கு விரித்தார்கள் என்றால், விட்டுப்போனது எவ்வளவு என்பதற்கு அரசே கொடுத்த கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நான் சொல்வது, உங்கள் தெருவுக்கு ஏன் இல்லை என்பதற்கு "பாரபட்சம்" என்ற ஒரே சொல் போதாது என்பதுதான். மாநகராட்சிக்கு வக்காலத்து என்று நினைத்தால் அது உங்கள் விருப்பம்.

கழிவுநீர் மாநகராட்சி வேலையே இல்லை. அது சென்னைக் குடிநீர் வாரியம், 1978 முதல் தனி நிறுவனம், தனி வரி: ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை என்றால் ரோடும் வராது. காரணம் வரிசை. கழிவுநீர்க் குழாய்தான் எல்லாவற்றுக்கும் ஆழத்தில் போகும், அதனால் முதலில் அது. பிறகு வீட்டு இணைப்புகள், அதன் பின் குடிநீர்க் குழாய், பிறகு வடிகால், கடைசியில் தார். தோண்டி மூடிய மண் இறுகாமல் தார் போட்டால் முதல் மழையிலேயே தெரு நடுவில் வாய்க்கால் மாதிரி நீளமாக அமுங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரோடு வெட்ட அனுமதி கிடையாது, ஆகவே ஒரு தடவை தவறினால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். உங்கள் மண்டலத்துக்கான பகுதி 3 குடிநீர் வாரிய அலுவலகத்தில் "எங்கள் தெரு எந்தத் திட்டத் தொகுப்பில் இருக்கிறது, வீட்டு இணைப்பு முடிந்ததா" என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மாநகராட்சி உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சாக்கடை வராத தெருவில் வடிகால் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பணி முடிந்த ஒரு மாதத்தில் வடிகால் பக்கச் சுவரில் நாலு அங்குல பி.வி.சி. குழாய்கள் முளைக்கும். கழிவுநீர் லாரிக்குக் கொடுக்கும் காசு மிச்சம் என்று ஒவ்வொரு வீடாக உள்ளே விட்டுவிடுவார்கள். அடியில் சேறு கட்டி, அக்டோபர் மழைக்கு வடிகாலில் பாதி உயரம்கூட மிஞ்சாது. பிறகு "வடிகால் கட்டியும் தண்ணீர் நிற்கிறது" என்று மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார். இதில் மாநகராட்சியைவிட நம் ஆட்கள் மீதுதான் கோபம் வருகிறது. இன்னொரு கோளாறு, கீழ்ப்பக்கத் தெருவில் 30 மீட்டர் இணைக்காமல் விட்டிருப்பார்கள், ஒரு மின்கம்பமோ கோயில் சுவரோ குறுக்கே இருக்கும். அந்த 30 மீட்டர் இல்லாமல் மேலே கட்டியதெல்லாம் நீளமான தொட்டிதான்.

ரோடுக்கு வருவோம். முதலில் யாருடைய ரோடு? மாநகராட்சிப் பேருந்து சாலைகள் 400 கிலோமீட்டருக்குள்தான், உட்புறச் சாலைகள் 5,000-க்கு மேல். இது தவிர அண்ணா சாலை, 100 அடி ரோடு போன்றவை நெடுஞ்சாலைத் துறையுடையவை. மெயின் ரோட்டைப் பார்த்து அந்த மண்டலத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பிறகு தகவல் அறியும் உரிமை மனு. வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் எங்கள் தெருவுக்கு ரோடு இல்லை?" என்று எழுதாதீர்கள், "ஏன்" என்பது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். வார்டு எண், தெருப் பெயர் எழுதி இதைக் கேளுங்கள்: கடைசியாகச் சாலை போட்ட பணியின் ஒப்பந்த எண், எந்த நிதித் தலைப்பு, மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தில் (முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் பதிவேடு) அந்தத் தெருவுக்கான பக்கங்கள், ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் காலம் முடியும் தேதி. பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வடிகால் கோப்பு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் இருந்தால் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும், அது உங்கள் தலைவலி இல்லை.

அளவுப் புத்தகம்தான் முக்கியம். சில நேரம் அதில் உங்கள் தெருவுக்கு ஏற்கெனவே ரோடு "போட்டிருப்பார்கள்". உத்தரவாதக் காலம் இருந்தால் புதிய நிதியே தேவையில்லை, பழைய ஒப்பந்தக்காரர்தான் வந்து சரிசெய்ய வேண்டும்.

புதிதாகப் போடும் நாளில் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள். தெரு 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்றால் 1,000 சதுர மீட்டர். மதிப்பீட்டில் 40 மில்லிமீட்டர் கனம் என்றிருந்தால் 40 கன மீட்டர். இறுகிய தார்க் கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.3 டன், ஆகவே 92 டன். 10 டன் ஏற்றும் டிப்பர் 10 நடை வர வேண்டும். ஐந்தாவது நடையோடு ரோலர் கிளம்பினால் மீதி எங்கே என்று அங்கேயே கேட்கலாம். கலவை கொட்டும்போது சூடு 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, 90-க்குக் கீழே போன பிறகு ரோலர் உருட்டிப் பயனில்லை. ஆவி பறக்காமல் கட்டி கட்டியாக விழுந்தால் லாரி எங்கோ வெகுநேரம் நின்றிருக்கிறது. பழைய தாரை மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி எடுத்தார்களா என்பதையும் பாருங்கள். 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதை வலியுறுத்திக் கடிதமே எழுதினார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய உங்கள் வீட்டு வாசல் ரோடுக்குக் கீழே போய்விடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வடிகாலும் நடைபாதையும் போடும்போது மரத்தைச் சுற்றி இடம் விட வேண்டும். விடுவதில்லை, கான்கிரீட்டை அடிமரம் வரை கொண்டுபோய்ப் பூசிவிடுகிறார்கள். இரண்டு கோடையில் மரம் காய்கிறது, டிசம்பர் காற்றில் விழுகிறது, விழுந்ததற்குப் புயல் மேல் பழி. அடையாறிலும் இப்படித்தான், இதில் மட்டும் எந்த மண்டலத்துக்கும் பாரபட்சம் இல்லை.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அடுத்த ஆண்டுக்கான தெருப் பட்டியலை வார்டு பொறியாளர்கள் அதற்குச் சில மாதம் முன்பே கையில் வைத்திருப்பார்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால் ஒரு வருடம் போச்சு. மழை முடிந்ததும் தண்ணீர் நின்ற அளவைச் சுவரில் குறித்து, தேதியோடு படம் எடுத்து, பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அதில் எழுத்தாகக் கொடுத்துப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.

வார்டு எண்ணையும் தெருவின் நீளம் அகலத்தையும் கேள்வியில் சேர்த்தால், டிப்பர் கணக்கை உங்கள் தெருவுக்கே போட்டுத் தருகிறேன்.