540 நாள் நீட்டிப்பு: செனட் தீர்மானம் நிறைவேறவில்லை

அமெரிக்காவில் எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைவருக்கான விசா) இருக்கும் நீங்கள், வேலை அனுமதி கார்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கும்போது வேலையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்துக்காக நிறுத்த வேண்டியதில்லை. கார்டு காலாவதியான பிறகும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேலை செய்ய விடும் 540 நாள் தானியங்கி நீட்டிப்பு செனட் தீர்மானத்தால் போய்விட்டது என்று உங்கள் எச்.ஆர். சொன்னது தவறு. 2025 ஜனவரியில் செனட்டர்கள் ஜான் கென்னடியும் ரிக் ஸ்காட்டும் அதைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் இரு அவைகளும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால்தான் அது விதியை ரத்து செய்யும். அது நடக்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே 2025 அக்டோபர் 30 முதல் தானியங்கி நீட்டிப்பை நிறுத்திவிட்டது. அன்றோ அதற்குப் பிறகோ புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் அக்டோபர் நடுவில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள்.

விண்ணப்பம் கிடைத்ததற்கு வந்த ஐ-797சி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு தேதி இருக்கும். நோட்டீஸ் தேதியை விடுங்கள், ‘ரிசீவ்டு’ தேதிதான் கணக்கு. அது அக்டோபர் 30-க்கு முன் இருந்து, கார்டில் உள்ள சி26 என்ற எச்-4 பிரிவுக் குறியீடு ரசீதிலும் இருந்தால் சரி. காலாவதியான கார்டு, ரசீது, செல்லுபடியாகும் ஐ-94 (எந்தத் தேதி வரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் பதிவு) மூன்றையும் சேர்த்து எச்.ஆரிடம் கொடுங்கள்.

எச்-4 காரர்கள் பலர் கோட்டைவிடும் இடம் இந்த ஐ-94 தான். அது முடியும் நாளில் உங்கள் நீட்டிப்பும் முடிந்துவிடும், 540 நாள் மிச்சமிருந்தாலும். எச்-4 நீட்டிப்பு ஏற்கெனவே கிடைத்திருந்தால், புது ஐ-94 அந்த ஒப்புதல் கடிதத்தின் அடியிலேயே இருக்கும். அதன் தேதியும் நெருங்கிவிட்டது என்றால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.