அப்பா தெளிவாக இருக்கும்போதே பவரை எழுதி வாங்கிவிடுங்கள்

பாலக்காடு சித்தூரில் இருக்கும் அப்பாவின் வங்கிக் கணக்கைக் கவனிக்க பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்குவது பற்றிக் கேட்டு, அவருக்குப் பக்கவாதம், வலது கை வராது, நினைவு தெளிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்தம் தவறினாலோ இறந்தாலோ பவர் செத்துவிடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

அவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உடல்நிலையைக் காட்டி மனு கொடுத்தால் பத்திரத்தைப் பதிவு செய்ய சப் ரிஜிஸ்திரார் வீட்டுக்கே வரலாம். புரிந்துதான் எழுதுகிறார் என்று டாக்டர் சான்று அதே தேதியில் வாங்குங்கள். தம்பி தங்கைகள் பின்னால் கிளப்பும் சண்டைக்கு அதுதான் மருந்து. பத்திரத்தில் ‘சகல அதிகாரமும்’ என்றால் போதாது. பணம் எடுப்பது, டெபாசிட்டை முன்கூட்டியே உடைப்பது, புதுப்பிப்பது, கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு), வருமான வரி எனத் தனித்தனியாக எழுதுங்கள். எழுதாததை வங்கி ஏற்காது.

பென்ஷன் பணம் மட்டும்தான் தேவையென்றால் பவரே வேண்டாம். இடது பெருவிரல் ரேகை போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கி அதிகாரி.

நினைவு போய்விட்டால் உயர் நீதிமன்றம்தான். கோமா நோயாளிகளுக்குக் காப்பாளர் நியமிக்க கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வழிமுறை வகுத்திருக்கிறது.